1044

தமிழ்நாட்டின் பழைய மக்கள்தொகைக் கணக்குகளை எடுத்தால் என் கண் முதலில் போவது ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்கிற பத்திக்குத்தான். இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் வரும் பகுதிகளுக்கு 1901இல் அந்த எண் 1044. பெண்கள்தான் அதிகம்! பெண் பிள்ளைகளை அந்தக் காலத்தில் அவ்வளவு நன்றாக வைத்திருந்தார்களா என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படி இல்லை. அன்றைக்கெல்லாம் ஒரே ராத்திரியில் கணக்கெடுப்பார்கள், அந்த ராத்திரி யார் எங்கே இருக்கிறாரோ அங்கேதான் அவர் கணக்கு. 1901இல் அது மார்ச் 1. சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊரில் அன்றைக்குப் பாதி ஆம்பளைகள் கண்டிச் சீமையில், அதாவது இலங்கைத் தோட்டங்களில், இருந்திருப்பார்கள். என் அப்பத்தாவின் மாமனாரும், தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் கங்காணியோடு அப்படிப் போனவர்தான். "கடுதாசி வந்துச்சு, ஆளு வரல" என்று அப்பத்தா சொல்லும், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாது. இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனவர்கள் இங்கே விட்டுப்போன இடம்தான் அந்த 1044. 1911இல் இலங்கை அரசு இந்தியத் தமிழர்களைத் தனியாக எண்ணியது. இங்கே காணாமல்போனவர்களில் பலர் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

அப்புறம் எண் இறங்கிக்கொண்டே வருகிறது. 1951இல் 1007, 1961இல் 992. 1939இல் இலங்கைக்குக் கூலியாட்கள் போவதை இந்திய அரசு தடுத்தது, 1942இல் பர்மாவிலிருந்து ஜனங்கள் நடந்தே திரும்பினார்கள், ஆகவே ஆண்கள் ஊரில் தங்கியதும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் 1991இல் 974 என்று விழுந்ததே, அதற்கு அந்தச் சமாதானம் போதாது. சேலத்திலும் உசிலம்பட்டியிலும் பிறந்த பெண் குழந்தைகளுக்கு என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசிடம் விட்டுவிடச் சொல்லும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கியதே அதனால்தான். ஆண்கள் இல்லாததால் ஏறியிருந்த எண், பெண் குழந்தைகள் இல்லாததால் இறங்கியது. எனக்கு இதைப் படித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை.

2011இல் 996க்கு ஏறிவிட்டது, சரி. ஆனால் ஆறு வயது வரைக்குமான பிள்ளைகளை மட்டும் பாருங்கள்: 1991இல் 948, 2001இல் 942, 2011இல் 943. பத்து வருஷத்தில் கூடியது ஒன்றே ஒன்று. அடுத்த கணக்கு வந்ததும் அந்த வரியைத்தான் முதலில் தேடுவேன்.