கரித்தூளும் காண்டிஷன் ரிப்போர்ட்டும்

விண்ணப்பம் போட்டு ஏழு மாதம் கழித்து, ஒரு சிறிய அருங்காட்சியகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது: உங்கள் 22 கரி ஓவியங்களையும் தனிக் கண்காட்சியாக வைக்கிறோம். வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். தனியார் கேலரிகளில் ஓவியங்களை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் மாட்டினால் சரி. இங்கே அப்படி இல்லை.

முதலில் அளவில் சறுக்கினேன். பட்டியலில் நான் கொடுத்திருந்தது தாளின் அளவு மட்டும். கண்காட்சியை வடிவமைக்கும் கியூரேட்டர் அதை வைத்தே சுவர்த் திட்டம் போட்டுவிட்டார். தாளைச் சுற்றி வரும் அட்டை (மவுண்ட்), ஃபிரேம் எல்லாம் சேர்ந்தால் ஓர் ஓவியத்துக்கு 16 செ.மீ. அகலம் கூடும். சுவருக்கு 11 ஓவியங்கள். 1.76 மீட்டருக்கு எங்கே போவது? நான்கு ஓவியங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டன.

அடுத்து, ஓவியங்களை அவர்களுக்கு இரவலாகத் தருவதற்கு ஒன்பது பக்கத்தில் கடன் ஒப்பந்தம். இன்சூரன்ஸ் பகுதியை மட்டும் மூன்று முறை படித்தேன், நல்லவேளை. கட்டடத்துக்குள் இருக்கும்வரைதான் காப்பீடு என்று போட்டிருந்தது. ஆனால் ஓவியம் அடிபடுவதே பெரும்பாலும் வண்டியில்தானே! ‘ஆணியிலிருந்து ஆணிவரை’ என்று இந்தத் துறையில் சொல்வார்கள்: என் சுவரிலிருந்து கழற்றியது முதல் திரும்ப மாட்டும்வரை. அப்படி வேண்டும் என்று கேட்டேன், மறுக்காமல் சேர்த்தார்கள்.

பெட்டிகள் போய்ச் சேர்ந்ததும் திறக்க விடவில்லை. அறையின் வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் பழகட்டும் என்று ஒரு நாள் அப்படியே வைத்தார்கள். மறுநாள், வந்துபோகும் படைப்புகளுக்குக் கணக்கு வைக்கும் அருங்காட்சியகப் பதிவாளர் கையுறை மாட்டிக்கொண்டு, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, ஒவ்வொரு மூலையாகப் பார்த்துப் படமெடுத்து, ஓவியம் எந்த நிலையில் வந்தது என்று காண்டிஷன் ரிப்போர்ட் எழுதினார். ‘இடது கீழ் மூலையில் 4 மி.மீ. மடிப்பு.’ என் கண்ணுக்கே படாத மடிப்பு. பெண் பார்க்க வந்தவர்கள் பல்லை எண்ணுவதுபோல் இருந்தது, எரிச்சல்தான்.

ஏழாவது ஓவியத்தில் நிறுத்தினார். ஒரு பாட்டியின் முகம். முன்பக்கத் தகட்டின் உள்புறம் மெல்லிய கறுப்புப் புகை படிந்திருந்தது. வழியில் உடையக் கூடாது என்று நான்தான் கண்ணாடிக்குப் பதிலாக அக்ரிலிக் பிளாஸ்டிக் தகடு போட்டிருந்தேன். அனுப்புமுன் பளபளவென்று துணியால் துடைத்தும் விட்டிருந்தேன். தலையில் தேய்த்த சீப்பு காகிதத் துணுக்கை இழுக்குமே, அதே வித்தை. நிலைமின்சாரம் கரித்தூளைத் தாளிலிருந்து மேலே இழுத்திருக்கிறது. கறுப்பின் ஆழம் கெட்டுவிடும் என்று, கரி உதிராமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸடிவையும் பேருக்குத்தான் அடிப்பேன். பாட்டியின் கன்னத்து நிழலில் பாதி பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது.

‘வந்தபோதே இருந்தது’ என்று எழுதினார். கையெழுத்துப் போட்டேன். 18 ஓவியங்களுக்கும் என் செலவில் கண்ணாடி மாற்ற மூன்று நாள் ஆனது. மாற்றும்போதே ஒவ்வொன்றின் பின்னாலும் மேல்நோக்கி அம்புக்குறி போடச் சொன்னார்கள். முகத்துக்கு எதற்கு அம்பு என்று சிரித்தேன். 1961-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸின் ‘படகு’ 47 நாள் தலைகீழாகத் தொங்கியதையும், கடைசியில் ஒரு பார்வையாளர்தான் அதைக் கண்டுபிடித்ததையும் சொன்னார்கள். சரி, போட்டேன்.

வெளிச்சத்துக்கும் ஒரு சண்டை. தாளில் செய்த படைப்புகளுக்கு 50 லக்ஸ் அளவு வெளிச்சம்தான் என்றார்கள். அறை அந்திப்பொழுதுபோல் இருந்தது. கரி வெளுக்காதே என்று வாதாடினேன். கரி வெளுக்காது, தாள் பழுப்பேறுமே என்றார் விளக்கு போடுபவர். அப்புறம், இரண்டு ஓவியங்களில் நான் தொட்டிருந்த சிவப்பு இங்க்கைக் காட்டி, இது எவ்வளவு நாள் தாங்கும் என்று கேட்டார். அதற்கு மேல் நான் பேசவில்லை. நுழைவழியின் விளக்குகளையும் குறைத்தார். கண் பழகி உள்ளே போனால் அந்த இருட்டு தெரியவே இல்லை.

கண்காட்சி முடிந்து பெட்டிகள் திரும்பியபோது ஒரு ஃபிரேமின் மூலை நசுங்கி, தாளில் நகக்கண் அளவு பள்ளம். ரிப்போர்ட்டைப் புரட்டினேன். அதே மூலை, டார்ச் வெளிச்சத்தில் எடுத்த படம், ‘சேதம் இல்லை’. இரண்டு படங்களையும் சேர்த்து அனுப்பினேன். ஆறு வாரத்தில் காப்பீட்டுப் பணம் வந்தது.

பாட்டியின் கன்னத்தை மட்டும் நான் இன்னும் திருத்தவில்லை. வெளிறியே இருக்கிறது.