கார்க்ல வேலையா? சம்பளத்த அப்புறம் பாக்கலாம், மொதல்ல வீடு

அயர்லாந்துன்னு சொன்னாலே அடுத்த கேள்வி "டப்ளினா?"தான். இல்லைங்க, கார்க். தெற்குக் கோடியில இருக்கு, அயர்லாந்து குடியரசோட ரெண்டாவது பெரிய ஊரு, ஆனா அத வெச்சு சென்னை அளவுக்கெல்லாம் கற்பனை பண்ணிராதீங்க, 2022 சென்சஸ்படி மொத்தமே ரெண்டேகால் லட்சம் பேருதான். லீ ஆறு ரெண்டா பிரிஞ்சு திரும்ப சேருது, நடுவுல இருக்குற தீவுதான் டவுன், சும்மா காலாற நடந்தே முடிச்சிரலாம்.

நான் ஆலத்தூர் ஃபார்மா எஸ்டேட்ல குவாலிட்டில இருந்துட்டு இங்க வந்தவ. அதனால பழைய கம்பெனி பசங்க, அவங்க ஃப்ரெண்ட்ஸ், ஃப்ரெண்டோட மச்சான்னு வாரம் யாராவது வாட்ஸ்அப்ல வந்து "அக்கா, ஆஃபர் வந்திருக்கு, மாசம் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம்?"னு கேக்குறாங்க. ஒருத்தர் கூட "வீடு கிடைக்குமா?"ன்னு கேக்கல. அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிப் போட்டுட்டா லிங்க் அனுப்பிட்டு என் வேலையப் பாக்கலாம்னு இத எழுதுறேன்.

வேலைக்கு இங்க பஞ்சமில்ல. ஊருக்கு வெளிய துறைமுகம் பக்கம் ரிங்காஸ்கிடின்னு ஒரு இடம், அங்க வரிசையா மருந்துக் கம்பெனிங்க. 1970களோட ஆரம்பத்துலயே ஃபைசர் வந்துருச்சு, வயாகராவுக்கான மூலப்பொருள் இங்கதான் தயாராச்சு, அதை வெச்சு ஊர்க்காரங்க அடிக்கிற ஜோக்கெல்லாம் குடும்பப் பெண் நான் இங்க எழுத முடியாது. ஐடி பசங்களுக்குன்னா 1980லேருந்து ஹாலிஹில்ல ஆப்பிள் இருக்கு. விசா விஷயமும் உண்மையிலேயே நல்லாத்தான் இருக்கு. கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ்ங்கிற வேலை பெர்மிட்ல வந்தீங்கன்னா வீட்டுக்காரரையோ வீட்டம்மாவையோ வருஷக்கணக்குல ஊர்ல விட்டுட்டு வர வேண்டியதில்ல, அவங்களும் தனி பெர்மிட் இல்லாம இங்க வேலை பாக்கலாம், நீங்க 21 மாசம் முடிச்சா ஸ்டாம்ப் 4ங்கிற தங்கும் அனுமதிக்கு போயிரலாம், அதுக்கப்புறம் எந்த கம்பெனிக்கு வேணா மாறலாம். ஆஃபர் லெட்டர்ல கிரிட்டிக்கல் ஸ்கில்ஸா, ஜெனரல்ங்கிற இன்னொரு பெர்மிட்டான்னு மட்டும் பாத்துக்கங்க, ரெண்டுக்கும் ரொம்ப வித்தியாசம்.

சரி, வீடு.

இங்க எல்லாரும் தேடுறது டாஃப்ட்ங்கிற சைட்லதான். காலையில ஒரு வீடு போட்டா மதியத்துக்குள்ள விளம்பரத்த எடுத்துருவாங்க, அதுக்குள்ள அவ்ளோ மெயில் குவிஞ்சிருக்கும். ரெண்டு பெட்ரூம் வீடு 2,000 யூரோவுக்குப் பக்கம்ங்கிறது சர்வ சாதாரணம், ஷேரிங்ல ஒரு ரூம் மட்டும்னாலே 700, 800 கேப்பாங்க. இந்தத் தொகைய ரூபாய்க்கு மாத்திப் பாக்காதீங்க, தூக்கம் போயிரும். ஒரே ஆறுதல், சென்னை மாதிரி பத்து மாச அட்வான்ஸ்ங்கிற பேச்சே கிடையாது. ஒரு மாச டெபாசிட், ஒரு மாச வாடகை முன்கூட்டி, அதுக்கு மேல கேக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. யாராவது மூணு மாசம் நாலு மாசம்னு கேட்டா, இல்ல "நான் வெளிநாட்டுல இருக்கேன், காசு போடுங்க, சாவிய கூரியர்ல அனுப்புறேன்"னு சொன்னா, அங்கேயே கட் பண்ணிருங்க. ஏர்போர்ட்ல எறங்குறதுக்கு முன்னாடியே வீடு முடிச்சிரணும்ங்கிற அவசரத்துல இருக்குறவங்களத்தான் இவங்க குறி வெச்சுப் பிடிக்கிறாங்க.

வீடு கிடைக்கலன்னா ஹோட்டல்ல கொஞ்ச நாள் இருந்துக்கலாமேன்னு நெனைப்பீங்க. இருக்கலாம், ஆனா பிரச்சனை படுக்குற இடம் மட்டும் இல்ல. பிபிஎஸ் நம்பர்னு ஒன்னு வாங்கணும், நம்ம ஊரு ஆதாரும் பேனும் சேர்ந்ததுன்னு வெச்சுக்கங்களேன், அதுக்கு அட்ரஸ் ப்ரூஃப் வேணும். பேங்க்ல போனா அங்கேயும் அட்ரஸ் ப்ரூஃப். சரி வீடு புடிச்சு அட்ரஸ் காட்டலாம்னு போனா வீட்டு ஓனர் பேங்க் ஸ்டேட்மென்ட், பேஸ்லிப், இதுக்கு முன்னாடி இருந்த ஐரிஷ் வீட்டு ஓனர்கிட்டேருந்து ரெஃபரன்ஸ்னு கேப்பார், நேத்து வந்தவனுக்கு எங்கேருந்துங்க ஐரிஷ் ஓனர்? இதுக்கு நடுவுல பிபிஎஸ் நம்பர் கொடுக்காம சம்பளம் வந்தா எமர்ஜென்சி டாக்ஸ்னு மொத்த சம்பளத்துலயும் 40 சதவீதம் புடிச்சிருவாங்க, அதுக்கு மேல யுஎஸ்சின்னு இன்னொரு வரி, 8 சதவீதம். அந்தக் காசு பின்னாடி திரும்ப வந்துரும், ரெவின்யூங்கிற வரி ஆபீஸ் சைட்ல உங்க வேலைய நீங்களே ரிஜிஸ்டர் பண்ணிட்டா அடுத்தடுத்த சம்பளத்துல சரி பண்ணிருவாங்க, ஆனா கையில காசு ரொம்பத் தேவைப்படுற முதல் மாசத்துல பாதி சம்பளம்தான் வரும்.

இந்த முடிச்ச அவுக்குறதுக்கு வழி, ஆஃபர்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி ஹெச்ஆர்கிட்ட மூணு விஷயம் கேட்டு வாங்குறது. ஒன்னு, முதல் மாசத்துக்கு கம்பெனி செலவுல தங்க இடம், முடிஞ்சா ரெண்டு மாசம். ரெண்டாவது, அந்த இடத்து அட்ரஸ்லதான் இவங்க இருக்காங்கன்னு லெட்டர்ஹெட்ல ஒரு கடிதம். மூணாவது, வீட்டு ஓனருக்குக் காட்ட வேலை, சம்பளம், கான்ட்ராக்ட் எவ்வளவு காலம்னு இன்னொரு கடிதம். சம்பளத்துல ஆயிரம் ரெண்டாயிரம் ஏத்திக் கேக்குறதுக்கு பதிலா இத கேளுங்க. நம்மாளுங்க சம்பளத்துக்கு கட்டிப் புரண்டு சண்டை போடுவாங்க, தங்குறதுக்கு இடம் கேக்க மட்டும் கூச்சப்படுவாங்க, ஏன்னே தெரியல. சென்னையில உங்களுக்கு ஒரு வீட்டு ஓனர் இருந்தா அவர்கிட்டயும் இங்கிலீஷ்ல ரெண்டு வரி எழுதி வாங்கிட்டு வாங்க, சில பேர் அதையும் ஏத்துக்குறாங்க.

வீடு பாக்கப் போகும்போது ஹால் பெருசா, கிச்சன் எந்தப் பக்கம்னு மட்டும் பாக்காதீங்க. பிஇஆர்னு ஒரு ரேட்டிங் இருக்கும், ஏ1லேருந்து ஜி வரைக்கும், நம்ம ஃப்ரிட்ஜுல ஸ்டார் போடுற மாதிரி வீட்டுக்கு. ஈ, எஃப், ஜின்னா வாடகை கொஞ்சம் கம்மியா இருக்கும், ஆனா அந்த மிச்சம் மொத்தமும் ஹீட்டிங் பில்லுக்கே போயிரும். ஜன்னல் ஓரத்துல, பீரோக்குப் பின்னால கறுப்பா பூஞ்சை பூத்திருக்கான்னு பாருங்க. புது பெயின்ட் அடிச்சிருந்தா இன்னும் நல்லா பாருங்க. இந்த ஊருல குளிரு அவ்வளவு மோசமில்ல, ஈரம்தான் மோசம், மழை மேலேருந்து வராம பக்கவாட்டுல வரும், குடை வாங்குற காசு தண்டம். துணியெல்லாம் வீட்டுக்குள்ளயே காயப் போட வேண்டியிருக்கும், ஒரு டீஹியூமிடிஃபையர் வாங்கிருங்க.

அப்புறம் இமெர்ஷன். வெந்நீருக்கு ஒரு சுவிட்ச், அதுல "சிங்க்", "பாத்"னு ரெண்டு செட்டிங் இருக்கும், பாத்ல போட்டுட்டு மறந்து ஆபீஸ் போனா என்ன ஆகும்னு இந்த ஊர் அம்மாக்கள்கிட்ட கேட்டுப் பாருங்க, கேஸ் மூடாம வந்துட்ட எங்கம்மா பதறுன அதே பதறல். ஆனா அந்த வெந்நீர் டேங்க் இருக்குற அலமாரிய, ஹாட் பிரெஸ்னு சொல்வாங்க, நான் கோயில் மாதிரி கும்பிடுறேன். துண்டு, போர்வை அடுக்க வெச்சிருக்காங்க, நான் மாவுப் பாத்திரத்த வெச்சேன், ஜனவரியில கூட ராத்திரியோட ராத்திரியா பொங்கிருது. வீடு பாக்குறப்போ நான் இப்ப மொதல்ல திறந்து பாக்குறது அதத்தான், ஏஜென்ட் ஒரு மாதிரி பாப்பாங்க, பாக்கட்டும்.

சாப்பாட்டுக்கு இங்கிலீஷ் மார்க்கெட் போங்க, 1788லேருந்து இருக்கு. கானாங்கத்தை மலிவா கிடைக்கும், கேட்டா சுத்தம் பண்ணியே கொடுப்பாங்க. அங்க ஒரு கடையில போட்டியும் ரத்தத்துல செஞ்ச ஒரு சாசேஜும் பக்கத்துல பக்கத்துல வெச்சிருந்தத பாத்து நின்னுட்டேன், இது ரெண்டும் சேர்ந்ததுதான் இந்த ஊரோட பழைய சாப்பாடாம். இப்ப இருக்குற பசங்க தொடுறதில்லன்னு கடைக்காரர் சலிச்சுக்கிட்டார், நான் அரைக்கிலோ போட்டி வாங்கி மிளகு தூக்கலா போட்டு வறுத்தேன்.

இன்னொன்னு, இது எனக்கே வந்தப்புறம்தான் உறைச்சது. நான் படிச்சது பிரசென்டேஷன் கான்வென்ட் ஸ்கூல். கையில விளக்கோட ஒரு அம்மா படம் எங்க ஹால்ல மாட்டியிருக்கும், நானோ நேகிள்னு பேரு, கத்தோலிக்கப் பிள்ளைங்களுக்கு பள்ளிக்கூடம் நடத்தவே தடை இருந்த காலத்துல ரகசியமா நடத்துனவங்க. அவங்க 1775ல பிரசென்டேஷன் கன்னியாஸ்திரிங்க சபைய ஆரம்பிச்சது இதே கார்க்ல, டக்ளஸ் ஸ்ட்ரீட்ல, சமாதியும் அங்கதான். அந்த சபை சிஸ்டருங்க மெட்ராஸ்ல வந்து எறங்குனது 1842ல. எனக்கு பயோமெட்ரிக், ஆன்லைன் ஃபார்ம், பதினஞ்சு மணி நேர ஃபிளைட்டுனு புலம்பல், அவங்க எப்ப திரும்புவோம்னே தெரியாம வந்திருக்காங்க. அந்தச் சமாதி இருக்குற இடத்துல நல்ல தோட்டம், சும்மாவே போய் உக்காந்துட்டு வரலாம்.

சின்னச் சின்னதா சில விஷயம். நம்ம லைசென்ஸ இங்க மாத்திக்க முடியாது, எத்தனை வருஷம் ஓட்டியிருந்தாலும் தியரி டெஸ்ட்லேருந்து ஆரம்பிக்கணும், அதனால பஸ் ரூட்ல வீடு பாருங்க, 220 ராத்திரி முழுக்க ஓடும், ரிங்காஸ்கிடிக்கு 223. எறங்கும்போது டிரைவருக்கு தேங்க்ஸ் சொல்லாம எறங்காதீங்க, இங்க எல்லாரும் சொல்லுவாங்க. இங்க தங்குறதுக்குப் பதிவு பண்ணி வாங்குற ஐஆர்பி கார்டுக்கு 300 யூரோ தனியா எடுத்து வைங்க. அந்தக் கார்டு இருக்குன்னு பாரிஸுக்கு டிக்கெட் போட்டுறாதீங்க, அயர்லாந்து ஷெங்கன்ங்கிற ஐரோப்பிய பொது விசா கூட்டத்துல இல்ல, தனி விசா வேணும். பெல்ஃபாஸ்ட் கூட அப்படித்தான், வழியில ஒருத்தனும் நிறுத்த மாட்டான், ஆனா அது யுகே, நம்ம பாஸ்போர்ட்டுக்கு விசா இல்லாம போறது சட்டப்படி தப்பு.

கடைசியா ஜாய்னிங் டேட். கம்பெனி ஆகஸ்ட், செப்டம்பர்னு சொன்னா தள்ளிக் கேளுங்க. யூசிசி, எம்டியூன்னு ரெண்டு பெரிய காலேஜ் பசங்களும் அந்த சமயத்துலதான் ரூம் தேடுவாங்க, உங்க மெயில ஒருத்தரும் திறக்கக் கூட மாட்டாங்க. ஜனவரி, பிப்ரவரி இருட்டா, நசநசன்னு இருக்கும், டிசம்பர்ல சாயங்காலம் நாலரை மணிக்கெல்லாம் சூரியன் மறைஞ்சிரும், அதுக்கு இது கொஞ்சம் பரவால்ல. ஆனா ஜனவரி, பிப்ரவரியில வீடு பாக்கப் போனா ஓனர் உங்ககிட்ட நின்னு பேசுவார்.