சாணி ஈ வளர்ப்பு: மூன்றாவது டப்பா தேறியது

செம்பனைத் தோட்டத்து மாடுகள் எங்கள் லயத்து வாசலைத் தாண்டித்தான் மேயப் போகும். அவை போட்டுவிட்டுப் போன சாணியின் மேல் எறும்புகள் ஓடுகின்றன என்றுதான் முதலில் நினைத்தேன். குனிந்து பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் இறக்கை இருந்தது.

சாணி ஈ என்றதும் புத்தகங்கள் காட்டுவது பொன்மயிர் போர்த்த மஞ்சள் ஈயை. அது குளிர்நாட்டுப் பிராணி, மற்ற ஈக்களைப் பிடித்துத் தின்னும். மலேசியாவின் சுங்கை சிப்புட் வெயிலில் அதைத் தேடிப் பயனில்லை. இங்கே ஓடுவது செப்சிடே குடும்பத்து ஈ. நாலைந்து மில்லிமீட்டர் நீளம், பளபளக்கும் கறுப்பு, உருண்டைத் தலை, ஒடுங்கிய இடை. இறக்கை நுனியில் ஆளுக்கொரு கரும்புள்ளி. நடக்கும்போதெல்லாம் அந்த இறக்கைகளை வீசிக்கொண்டேதான் நடக்கும். சும்மா இருக்கவே தெரியாத ஜென்மம்.

இதை வளர்த்துப் பார்க்க முதல் டப்பாவில் புதுச்சாணி போட்டேன். வந்ததெல்லாம் வீட்டு ஈ. சாணியில் ஏற்கெனவே யாரோ முட்டையிட்டிருக்கிறார்கள்! அதனால் அடுத்த முறை சாணியை இரண்டு நாள் உறையவைக்க முடிவு செய்தேன்.

"வாசல் தெளிக்கத்தான் சாணி, ஐஸ் பெட்டியில் வைக்கவா?" என்றார் அம்மா. மூன்று பை சுற்றிய பிறகு இடம் கிடைத்தது.

இரண்டாம் டப்பாவில் புழுக்கள் பொரித்த வேகத்தில் செத்தன. ஈரம் குறைவோ என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். மாடு மேய்க்கும் பெரியவரிடம் கேட்டபோது, "போன வாரம்தான் பூச்சி மருந்து போட்டோம், தம்பி" என்றார். மாட்டுக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் போன்ற குடற்புழு மருந்து சாணியோடு வெளியேறி ஈப்புழுவையும் கொன்றுவிடும். தெரிந்த விஷயம்தான், கேட்கத் தோன்றவில்லை.

மூன்றாவதற்கு மருந்து படாத பசுவின் சாணி, இரண்டு விரற்கடை ஆழம், மேலே கொசுவலைத் துணி. ஐந்து ஜோடி ஈக்களை விட்டேன். மறுநாள் உருப்பெருக்கியில் பார்த்தால் வெள்ளை முட்டைகள், ஒவ்வொன்றின் முனையிலும் முட்டையைவிட நீளமான ஒரு நூல். முட்டை ஈரத்தில் புதைந்தாலும் நூல் வெளியே நின்று மூச்சு வாங்கிக் கொடுக்கும். அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை.

பதினான்காம் நாள் காலை துணியில் ஏழு ஈக்கள். மாலையில் முப்பதைத் தாண்டின.

ஆணின் முன்னந்தொடையில் ஒரு வெட்டும் சில முட்களும் உண்டு. பெண்ணின் இறக்கை அடியைக் கவ்விப் பிடிக்கும் கொறடு அது. இனத்துக்கு இனம் அதன் அமைப்பு மாறும். பெயர் கண்டுபிடிக்க அதைத்தான் பார்க்க வேண்டும். இறந்த ஆண்கள் மூன்றைச் சாராயத்தில் போட்டிருக்கிறேன். நான்காவது டப்பாவுக்கான சாணி நெத்திலிப் பொட்டலத்துக்குப் பின்னால் உறைந்துகொண்டிருக்கிறது.