அக்கா மகனுக்காகக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நின்ற நாட்கள்

2023 நவம்பரில் ஒரு பிற்பகல், பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் நின்றிருந்தபோது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. என் அக்கா மகனை ஒரு சாயப்பட்டறையிலிருந்து மீட்டிருப்பதாகவும், மறுநாள் குழந்தைகள் நலக் குழுவின் முன் அழைத்து வரப்போவதாகவும், உறவினர் யார் என்று கேட்டதற்கு அவன் என் எண்ணைத்தான் சொன்னான் என்றும் தெரிவித்தார்கள். அக்கா இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. அவள் கணவர் அதற்கும் முன்பே குடும்பத்தை விட்டுப் போயிருந்தார். தாராபுரம் பக்கத்தில் என் அம்மாவின் பொறுப்பில் இருந்தவன் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூருக்கே வேலைக்கு வந்திருந்தான் என்பது, அதே ஊரில் இருந்த எனக்குத் தெரியவில்லை. அந்த வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

அன்றிரவு அக்கம்பக்கத்தார் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: போனால் கையெழுத்து வாங்கிக்கொண்டு பிள்ளையை ஹோமில் போட்டுவிடுவார்கள், போகாதே. இதே பயத்தால் உறவுக்காரர்கள் ஒதுங்கிவிடுவதும், யாரும் வராததால் பிள்ளை இல்லத்திலேயே வளர நேர்வதும் உண்டு என்று பின்னால் அறிந்துகொண்டேன். இதை நான் எழுதுவதே அதற்காகத்தான்.

பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகள் யாரிடம் வளர வேண்டும் என்று முடிவு செய்ய, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி மாவட்டந்தோறும் அமைக்கப்படும் இந்தக் குழுவில் ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பார்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரம் குழுவுக்கு உண்டு என்றாலும் அந்த அறையில் கூண்டு இல்லை, கறுப்பு அங்கி இல்லை. ஒரு நீள மேசை, சில நாற்காலிகள், சுவரில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எழுதிய சுவரொட்டி, அவ்வளவுதான். பையன் ஓரமாக உட்கார்ந்திருந்தான். அவன் விரல் நகங்களின் ஓரத்தில் நீலச் சாயம் ஏறியிருந்தது. அதை மறைக்கக் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டிருந்தான். உறுப்பினரான அம்மா ஒருவர் என்னைச் சிறிது நேரம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவனிடம் தனியாகப் பேசினார். திரும்ப உள்ளே அழைத்தபோது, "எங்கே இருக்க ஆசைப்படுறேன்னு இவங்க முன்னாடியும் சொல்லு சாமி" என்றார். அவன் என்னைப் பார்க்காமலே, "சின்னம்மா ஊட்டுக்கே போகோணுங்க, பள்ளிக்கூடம் போறனுங்க" என்றான்.

உடனே அனுப்பிவிடவில்லை. விசாரணை முடியும் வரை அரசு இல்லத்தில் தங்க வைத்தார்கள். ஏறத்தாழ இரண்டு மாதம். அப்போது எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் சொந்தம் என்று வந்து நிற்பவர் யாரென்று விசாரிக்காமல் ஒரு பிள்ளையைக் கொடுத்துவிடுவது எவ்வளவு ஆபத்து என்பதை யோசித்தபோது அந்தக் கோபம் நிலைக்கவில்லை.

முதல் சிக்கல் வயது. ஆதாரில் பிறந்த ஆண்டு 2007 என்றும், பள்ளி மாற்றுச் சான்றிதழில் 2009 என்றும் இருந்தது. வேலைக்கு வைத்தவர்கள் ஆதாரைக் காட்டி வயதைக் கூட்டிச் சொன்னார்கள். சட்டத்தின் 94ஆம் பிரிவின்படி முதலில் பார்க்க வேண்டியது பள்ளிச் சான்று. அது இல்லையென்றால் உள்ளாட்சி தரும் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் மருத்துவப் பரிசோதனை. நான் கிராமத்துப் பள்ளிக்குப் போய் அவனது பிறந்த தேதிக்கான சான்றை வாங்கி வந்தேன். குழு அதையே ஏற்றுக்கொண்டது. 18 வயது நிறையாத யாரையும் ஆபத்தான தொழிலில் வைக்கக்கூடாது என்பதால் ஆதார்ப்படி பார்த்திருந்தாலும் அவர்கள் தப்பியிருக்க முடியாது.

அடுத்தது வீட்டு விசாரணை. சமூகப் பணியாளர் ஒருவர் முன்னறிவிப்பின்றி வந்தார். எனக்கு ஒற்றை அறையும் சமையலறையும் உள்ள வாடகை வீடு. நானும் என் மகளும் மட்டும். இடம் போதாது என்று எழுதிவிடுவாரோ என்று நடுங்கினேன். அவரோ பையன் எங்கே படுப்பான், நான் ஓவர்டைம் பார்க்கும் நாட்களில் பிள்ளைகளுடன் யார் இருப்பார்கள், பள்ளி எவ்வளவு தூரம் என்பவற்றைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, பக்கத்து வீட்டு அக்காவிடமும் பேசிவிட்டுப் போனார். அந்தச் சமூக விசாரணை அறிக்கையை அடிப்படையாக வைத்துத்தான் குழு அவனை என்னிடம் ஒப்படைத்து உத்தரவிட்டது. வீட்டுக்கு வருபவரிடம் இல்லாததை இருப்பதாகக் காட்ட வேண்டியதில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

2024 ஜனவரியில் அவன் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தான். குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் கீழ் இப்படி உறவினரிடம் வளரும் பிள்ளைகளுக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில்தான் சொன்னார்கள். குடும்ப ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்கும், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மிகக்கூடாது. வருமானச் சான்று, பள்ளிச் சான்று, அக்காவின் இறப்புச் சான்று, எங்கள் ஆதார் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தேன். வங்கியில்தான் அலைச்சல்: பெற்றோர் அல்லாத நான் காப்பாளராக இருந்து கணக்குத் தொடங்க முடியாது என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை குழுவின் உத்தரவு நகலை மேலாளரிடமே நேரில் காட்டிய பிறகு கணக்குத் திறந்தார்கள். அந்த உத்தரவின் சான்றொப்பமிட்ட நகல் நான்கைந்தாவது கையில் இருக்க வேண்டும். நிதி ஆதரவுக்கென்று மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ள வேறொரு குழு ஒப்புதல் தந்து பணம் வரத் தொடங்க மேலும் சில மாதங்கள் ஆயின. மாதந்தோறும் வராமல் சில மாதங்களுக்குச் சேர்த்தே வந்தது. அதை நம்பி வட்டிக்கு வாங்காமல் சமாளித்தேன்.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் 2025இல் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவு வேண்டும் என்றான். ஆதாரில் பிறந்த ஆண்டைத் திருத்திய பிறகே ஆன்லைனில் விண்ணப்பித்தோம். கோவையில் அரசு ஐ.டி.ஐ.யில் இடமும், விடுதியும் கிடைத்தன. இரண்டாண்டுப் பயிற்சி, அரசு ஐ.டி.ஐ. மாணவருக்கு மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சீருடை, பாடநூல், சைக்கிள், பஸ் பாஸ் எல்லாம் கிடைக்கும். ஆனால் பிள்ளை விடுதியில் சேர்ந்துவிட்டால் நிதி ஆதரவு நின்றுவிடும். அந்த 4,000 ரூபாய் எங்களுக்குச் சிறிய தொகையில்லை. இரண்டு நாள் கணக்குப் போட்டேன். விடுதியில் சாப்பாடும் தங்கலும் பயிற்சியும் ஒழுங்காகக் கிடைப்பதே அவனுக்கு நல்லது என்று தோன்றியதால், நானே அலகுக்கு எழுதிக் கொடுத்துப் பணத்தை நிறுத்தச் சொன்னேன்.

முதல் மாதங்களில் வைஸ் என்ற பிடிப்பானில் இரும்புத் துண்டைப் பிடித்து அரத்தால் தேய்ப்பதே வேலை. தீபாவளி விடுமுறைக்கு வந்தவன் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சதுரத் துண்டைக் கொண்டு வந்து, அதன் மேல் மூலைமட்டத்தை வைத்து ஜன்னலுக்கு நேரே பிடித்துக் காட்டினான். இரண்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தால் மாஸ்டர் திரும்பத் தேய்க்கச் சொல்லிவிடுவாராம்; பதினோராவது முறைதான் தெரியாமல் போனதாம். அவன் நகங்களைப் பார்த்தேன். நீலம் இல்லை, இரும்புத் தூள் கருப்பாக இருந்தது.

பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், தமிழும் ஆங்கிலமும் தேர்வெழுதிப் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்றும் பெறலாம் என்று பயிற்றுநர் சொல்லியிருக்கிறார். அவன் பாலிடெக்னிக் என்கிறான். நிதி ஆதரவுக் கணக்கில் மிச்சம் பிடித்திருப்பதை அதற்கென்று தொடாமல் வைத்திருக்கிறோம்.