கண் தானம் கொடுக்கப் போய் டிஸ்சார்ஜ் சம்மரிக்கு அலைஞ்ச கதை

மாமனார் போன மாசம் விடியக்காலைல தவறிட்டாரு. கண்ணைக் கொடுத்துடுங்கன்னு அவரே சொல்லி வச்சிருந்தாரு, அதனால வீட்ல யாரும் மறுப்பு சொல்லல, போன் பண்ணதும் கண் வங்கி டீம் கிளம்பிட்டாங்க. ஃபேனை ஆஃப் பண்ணுங்க, இமையை மூடி ஈரப்பஞ்சு வைங்க, தலைக்கு ரெண்டு தலகாணி வைங்கன்னு போன்லயே சொல்லிட்டாங்க. மாட்டுனதெல்லாம் பேப்பர்லதான்.

அவரு டயாலிசிஸ் பேஷண்ட், முந்தின நாள் ராத்திரிதான் ஆஸ்பத்திரில இருந்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம், ரெண்டு பாட்டில் ரத்தம் வேற ஏத்தியிருந்தாங்க. வந்த டெக்னீசியன் தம்பி இதைக் கேட்டதும் பேனாவை வச்சுட்டாரு. ரத்தம், டிரிப்ஸ் எல்லாம் நிறைய ஏறியிருந்தா அவரோட சொந்த ரத்தம் நீர்த்துப் போயிருக்கும், கிருமி இருந்தாலும் டெஸ்ட்ல இல்லன்னு காட்டிடும், எவ்வளவு ஏத்துனாங்கன்னு எழுத்துல வேணும் சார்னாரு. நியாயம்தான். ஆனா அதெல்லாம் எழுதியிருக்க வேண்டிய டிஸ்சார்ஜ் சம்மரி எங்க கைல இல்லையே.

பைக்கை எடுத்துட்டு ஓடுனேன். பில்லிங்ல இருந்தவர் நிமிர்ந்துகூட பாக்கல, "இன்சூரன்ஸ் அப்ரூவல் வரல, பத்து மணிக்கு மேடம் வந்ததும் வாங்க." இறந்து 6 மணி நேரத்துக்குள்ள எடுக்கணும்யா, பத்து மணிக்கு வந்து நான் என்ன பண்றதுன்னு கத்துனதுக்கு செக்யூரிட்டியைக் கூப்பிட்டாரு. வெறுங்கையோட வெளிய வரும்போதுதான் டயாலிசிஸ் யூனிட் சிஸ்டர் ஞாபகம் வந்துச்சு. அவங்க கேஸ் ஷீட்டை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பி, டியூட்டி டாக்டரையே டெக்னீசியன்கிட்ட பேச வச்சாங்க. டெக்னீசியன் தம்பி வெயிட்டு, ஏத்துன அளவு எல்லாம் வச்சு கணக்குப் போட்டுட்டு, ரெண்டு பாட்டில்தானே, பிரச்னையில்லன்னுட்டாரு. அந்த சிஸ்டர் நல்லா இருக்கணும்.

வீட்ல அடுத்த பஞ்சாயத்து. "கண்ணுக்குத்தானே மாப்ள கையெழுத்து போட்டோம், இப்ப எதுக்கு தொடைல ஊசி போட்டு ரத்தம் எடுக்குறானுங்க?"ன்னு சின்ன மாமா குதிக்கிறாரு. ஃபார்ம்லயே ரத்த சாம்பிளுக்கும் சம்மதம்னு ஒரு வரி இருக்கு, கையெழுத்துக்கு முன்னாடி அதை சொந்தக்காரங்ககிட்ட சத்தமா படிச்சுக் காட்டிடுங்க, பாதி சண்டை மிச்சம். எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ் பாப்பாங்க. ஆஸ்பத்திரில ஏற்கனவே எடுத்த ரிப்போர்ட் லேப் எஸ்எம்எஸ்ல இருந்துச்சு, டெக்னீசியன்கிட்ட காட்டுனேன், பாத்துட்டு ஆனாலும் நாங்க தனியா எடுத்தே ஆகணும்னாரு. ட்யூப்ல பேரு, நேரம் எழுதி எங்ககிட்டயே சரிபார்க்கச் சொன்னது பிடிச்சிருந்துச்சு.

நாய் கடிச்சுதா, காய்ச்சல் இருந்துச்சா, மஞ்சள் காமாலை வந்திருக்கான்னு துருவித் துருவி கேப்பாங்க, எரிச்சல் படாதீங்க. 1978ல அமெரிக்கால கருவிழி மாத்திக்கிட்ட ஒரு அம்மா அது வழியா ரேபீஸ், அதாவது வெறிநாய்க்கடி நோய் வந்தே செத்துப்போயிருக்காங்க, கொடுத்தவருக்கு ரேபீஸ்னு அப்புறம்தான் தெரிஞ்சிருக்கு. ரேபீஸ் அந்த நாலு டெஸ்ட்டுல சிக்காது, வீட்டுக்காரங்க வாயில இருந்துதான் வரணும். சுகர், கண்ணாடி போட்டது, கேட்டராக்ட் ஆபரேஷன் இதெல்லாம் தடையே இல்ல.

எடுக்குறதுக்கு அரைமணி நேரம்கூட ஆகல, முகமும் அப்படியேதான் இருந்துச்சு. ரிசல்ட் வர்ற வரைக்கும் ஃப்ரிட்ஜ்ல தனியா வச்சிருப்பாங்களாம், யாருக்கும் கொடுக்க மாட்டாங்க. மறுநாள் டெஸ்ட் எல்லாம் கிளியர்னு போன் வந்துச்சு, யாருக்கு வைக்கிறாங்கன்னு மட்டும் சொல்ல மாட்டாங்களாம். சின்ன மாமாதான் அதை ஊர் பூரா சொல்லிக்கிட்டு திரிஞ்சாரு.

வீட்ல ரொம்ப முடியாதவங்க இருந்தா, டிஸ்சார்ஜ் அன்னைக்கே கேஸ் ஷீட்டை போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. எங்க சம்மரி காரியம் முடிஞ்சப்புறம்தான் கைக்கு வந்துச்சு, அதுலயும் ரத்தம் ஏத்துன விவரமே இல்ல.