குழந்தைக்கு வீசிங் முற்றினால்

விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிகிறதா, ஒரு வாக்கியம் பேசி முடிக்க மூச்சு போதவில்லையா, உதடு நீலம் பாய்கிறதா? உடனே 108. "விசில் சத்தம் நின்னுடுச்சு, சரியாயிடுச்சு" என்று இருந்துவிடாதீர்கள். குழந்தை துவண்டு கிடக்கையில் சத்தம் நின்றால் நுரையீரலுக்குள் காற்றே சரியாகப் போகவில்லை. இருப்பதிலேயே ஆபத்தான நிலை அதுதான்.

வண்டி வரும்வரை படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வையுங்கள். சால்பியூட்டமால் (மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து) இன்ஹேலரை ஸ்பேசரில் (இன்ஹேலரோடு பொருத்தி மூச்சிழுக்கும் குழல்) செருகி, குலுக்கி, ஒரு அழுத்து, ஐந்தாறு மூச்சு. மறுபடி குலுக்கி அடுத்தது. 100 மைக்ரோகிராம் இன்ஹேலர் என்றால் ஆறு வயதுக்கு மேல் 4 முதல் 10 அழுத்து, சிறு பிள்ளைக்கு 2 முதல் 6. அவசரத்தில் சேர்த்து அடித்தால் மருந்து ஸ்பேசர் சுவரிலேயே ஒட்டிவிடும்.

கடைசியாக எத்தனை அழுத்து, எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். அங்கே ஆக்சிஜன், நெபுலைசர் (மருந்தைப் புகை போலாக்கிச் சுவாசிக்கத் தரும் கருவி), கூடவே ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு என்றதும் தயவுசெய்து மறுக்காதீர்கள். சில நாள் மருந்துதான், மூச்சுக்குழாய் வீக்கத்தை அதுதான் இறக்கும். வேலை செய்யச் சில மணி நேரமாகும். நெபுலைசரில் மூச்சு லேசானதும் "வீட்டுக்குப் போகலாமா" என்று அவசரப்படுத்தாதீர்கள்.