மூன்றும் சேர்ந்து வந்தால்?

நகர்மன்றத்தில் வாக்கெடுப்பு முடிந்து, மின்சாரக் கொள்முதல் ஒப்பந்தமும் கையெழுத்தாகிவிட்டது. இன்னும் 25 ஆண்டுகளுக்கு நகரின் மின்சாரத்தில் பெரும்பகுதி சூரிய ஒளியிலிருந்தும் காற்றிலிருந்தும் நிலையான விலையில் வரும். அலுவலகத்தில் எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த மன்றக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் கேட்ட கேள்விதான் என்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

மன்றத்துக்கு நான் எழுதிய அறிக்கையில் மூன்று வழிகளைச் சொல்லியிருந்தேன்: நீண்டகாலக் கொள்முதல் ஒப்பந்தம், எரிவாயு மின்நிலையம் ஒன்றில் பங்கு, அவ்வப்போது சந்தையில் வாங்கிக்கொள்வது. பரிந்துரைத்தது முதல் வழியை. இன்று கேட்டாலும் அதைத்தான் பரிந்துரைப்பேன்.

யாரும் படிக்காத இரண்டாம் இணைப்பை அந்த உறுப்பினர் படித்திருந்தார். பக்கத்தின் முனை மடிந்திருந்தது. அதில் மூன்று ஆபத்துகளைத் தனித்தனி வரிகளாக எழுதியிருந்தேன். சந்தை விலை சரிவது. நகரின் மின்தேவை எதிர்பார்த்த அளவுக்கு வளராமல் போவது. நண்பகலில் மிஞ்சும் மின்சாரத்துக்கு விலை கிடைக்காமல் போவது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு நஷ்டத் தொகை, பக்கத்தில் ‘வாய்ப்பு குறைவு’. அந்த மூன்று வரிகளையும் சேர்த்து அவர் பென்சிலால் ஒரு வளைகோடு போட்டிருந்தார்.

“இந்த மூணும் ஒண்ணா வந்தா எவ்வளவு ஆகும்?”

“மூணும் ஒரே சமயத்துல வர்றது ரொம்ப அபூர்வம், மேடம்.”

“வருமா வராதான்னு கேக்கலை. வந்தா எவ்வளவுன்னு கேட்டேன்.”

தனியாகக் கணக்குப் போட்டு அனுப்புவதாகச் சொன்னேன். அவர் தலையசைத்தார். அரை மணி நேரத்தில் வாக்கெடுப்பு முடிந்துவிட்டது. நான் எதையும் அனுப்பவில்லை, அவரும் நினைவூட்டவில்லை.

மூன்றும் தனித்தனி ஆபத்துகள் என்று நம்பித்தான் அப்படிச் சொன்னேனா? இல்லை என்றுதான் தோன்றுகிறது. சோலார் பேனல் விலை குறையக் குறைய வீட்டுக் கூரைகளில் பேனல்கள் ஏறும்; நகராட்சியிடம் வாங்கும் யூனிட்டுகள் குறையும். அதே மலிவான பேனல்கள் சுற்றுவட்டாரம் முழுக்க நண்பகல் மின்சாரத்தைக் கொட்டும். அந்த நேரத்துச் சந்தை விலை சரியும். நம் கையில் மிஞ்சியதை விற்கப் போகும் நேரத்தில் எல்லோருமே விற்க வந்து நிற்பார்கள். ஒரே காரணம் மூன்று வரிகளையும் சேர்த்து இழுத்துவிடும். ஒப்பந்தப்படி நாம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் கட்டியாக வேண்டும். இந்தத் துறையில் இருப்பவன் எவனுக்கும் இது தெரியும். அவருடைய வளைகோடு சரி, என் மூன்று வரிகள் தப்பு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சந்தையை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்று காட்ட டெக்சஸின் டென்டன் நகரத்தை உதாரணமாக வைத்தேன். 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் அங்கே மொத்தச் சந்தை விலை ஒரு மெகாவாட் மணிக்கு 9,000 டாலர், அதாவது யூனிட்டுக்கு 9 டாலர் என்ற உச்சவரம்பைத் தொட்டது. சில நாட்களில் அந்த நகராட்சி 20 கோடி டாலருக்கு மேல் செலவழித்தது. மன்றமே அமைதியாகிவிட்டது. அதே டெக்சஸில் இருக்கும் ஜார்ஜ்டவுனை நான் வைக்கவில்லை. அந்த நகரம் சூரிய, காற்றாலை மின்சாரத்துக்கு நீண்டகால நிலைவிலை ஒப்பந்தங்கள் போட்டது. தன் தேவையைவிட அதிகமாகவே வாங்கியது. எரிவாயு மலிவானதும் சந்தை விலை இறங்கியது. மிஞ்சியதை நஷ்டத்துக்கு விற்றதில் 2018-இல் ஏறத்தாழ 70 லட்சம் டாலர் துண்டு விழுந்தது. இரண்டு கதைகளும் என் மடிக்கணினியில் ஒரே கோப்புறையில்தான் இருந்தன.

ஏன் வைக்கவில்லை? ஜார்ஜ்டவுனின் நஷ்டத்தைப் பார்த்தால் மன்றம் பயந்து முடிவைத் தள்ளிப்போடும். தள்ளிப்போட்டால் அதுவரை சந்தையில்தான் வாங்கியாக வேண்டும். மூன்றில் மோசமான வழிக்கு யாரும் கைதூக்காமலேயே போய்ச் சேர்ந்திருப்போம். இதை நான் மனதாரச் சொல்கிறேன். மூன்றையும் சேர்த்துப் போட்டாலும் ஒப்பந்தத்தின் நஷ்டத்துக்கு ஓர் எல்லை உண்டு. விலை ஒரேயடியாகச் சரிந்தாலும் கட்டவேண்டிய தொகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. சந்தை விலை ஏறினால் மொத்தம் எவ்வளவு கட்டவேண்டி வரும் என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்காது. ஆனால் இந்த வாதத்தை நான் மன்றத்தில் சொல்லவில்லையே. சொல்லியிருந்தால் அவரே ஆதரித்து வாக்களித்திருக்கலாம். அவர் எதிர்த்து வாக்களித்தார்.

இப்போதைக்குச் சந்தை விலை ஒப்பந்த விலைக்கு மேலேதான் இருக்கிறது. “நீங்க சொன்னதுதான் சரியாப் போச்சு, சார்” என்கிறான் என்னோடு வேலை பார்க்கும் பையன். ஆமாம் என்கிறேன். 25 ஆண்டு ஒப்பந்தத்தில் இது தொடக்கம் என்று அவனுக்கும் தெரியும்.

போன மாதம் ஒரு நாள் அலுவலகம் காலியான பிறகு உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போட்டேன். மூன்று தொகைகளைக் கூட்டினால் வருவதைவிட அதிகமாக வந்தது. ஒன்று நடந்தால் மற்றொன்றின் நஷ்டமும் பெருகுகிறது. இரண்டு முறை சரிபார்த்தேன். அவருக்கு அனுப்ப மடல் எழுதினேன், அனுப்பவில்லை. கையெழுத்தான பிறகு அந்த எண்ணை வைத்து அவர் என்ன செய்வார்?

அடுத்த கூட்டத்தில் பேட்டரி வாங்குவது பற்றிய தீர்மானம் வருகிறது. நண்பகலில் மிஞ்சுவதைச் சேமித்து மாலை உச்சநேரத்துக்குக் கொடுக்கும் திட்டம். தேவையானது, தாமதிக்கக் கூடாதது. அதற்கும் இணைப்பு எழுதுவது நான்தான். ஆபத்துகளுக்கு இந்த முறையும் தனித்தனியாக நான்கு வரிகள் போட்டிருக்கிறேன். ஐந்தாவது வரி இன்னும் காலியாக இருக்கிறது.